சாம்பலும் சாட்சி சொல்லும்

(தீவிபத்துக்களை ஆராய்வோருக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதுபற்றிக் கல்முனையில் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் ஆசிரியரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு.)



தீயைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தீயை மூட்டும் பேச்சு நம் நாட்டிலே மலிந்து கிடக்கிறது. தீயை அணைப்பதுபற்றிப் பேசுவோரும் உளர். தீ அணைந்த மறுநாள் செய்ய வேண்டியது யாது என்று பேசுவோர்தாம் அரியர். அந்த ஒன்றைப்பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் என் வாப்பாவுக்குச் சில ஏக்கர் வயல் இருந்தது. அந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் மழை பெய்தது. நனைந்த வைக்கோலைக் காயவிடப் பொறுமையின்றி மாடுகளுக்கென்று பெரும் போராக அடுக்கினார்கள். சில வாரங்கள் சென்றன. ஓர் இரவு போர் தீப்பற்றி எரிந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் எங்கள் முல்லைக்காரருக்கும் வாப்பாவுக்கும் கூலி நெல்பற்றி வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. அது போதாதா? "அவன்தான் வைத்தான்" என்று ஊர் சொல்லிற்று. கண்டவர் எவருமில்லை. வழக்கும் நடக்கவில்லை. ஆயினும் அதன்பின் அவருக்கு வேலை கொடுப்பாரில்லை. மனைவி மக்களை அழைத்துக்கொண்டு அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

பல ஆண்டுகளின்பின், நான் இரசாயனம் படித்தபோது, ஈரத்தோடு அடுக்கிய புல்லும் வைக்கோலும் தாமாகவே வெப்பங்கொள்ளும் என்று அறிந்தேன். ஈரத்திலே பெருகும் நுண்ணுயிர்கள் முதலில் வெப்பத்தை உண்டாக்கும். போரின் நடுவிலே அடைபட்ட அவ்வெப்பம் வெளியேற வழியின்றி ஏறும். ஒரு கட்டத்தின்பின் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும் இரசாயன வினை அதை மேலும் ஏற்றும். ஈற்றில் தீக்குச்சி இல்லாமலே தீ மூளும். அப்போது எனக்குப் பழைய நினைவுகள் வந்தன. போர் எரிவதற்கு முன் பல நாட்கள் அதன் உச்சியில் காலைவேளையில் ஆவி எழுந்தது. சுட்ட கருப்பட்டிபோல ஒரு மணம் வீசிற்று. எரிந்து முடிந்தபின் நடுப்பகுதி கரியாகிக் கிடந்தது. ஓரங்களில் பாதி வைக்கோல் மஞ்சளாகவே இருந்தது. இவற்றை வாப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அவனுக்கு ஸலாம் சொல்ல எனக்கு முகமில்லை, மகன்" என்றார். தேடிச் சென்றோம். அந்த மனிதர் அதற்குள் மௌத்தாகிவிட்டார்.

அன்று தீ தானாகவே மூண்டது என்று இன்றும் நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆராயாமல் ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கினோம் என்பதற்குச் சத்தியம் செய்வேன். இன்று இந்த மேடையில் நான் நிற்பதற்கு அந்தக் கடனே காரணம்.

அன்பர்களே! ஒரு வைக்கோற்போரின் காரணம் ஆராயப்படாதபோது ஒரு குடும்பம் ஊரை இழந்தது. ஊர்களுக்கும் இனங்களுக்கும் இடையே அதே தவறு நேர்ந்தால் என்னவாகும்? அதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு நமது மாவட்டத் தலைநகராகிய அம்பாறையிலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், உணவிலே மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டது என்று வதந்தி கிளம்பிற்று. கும்பல் கூடிற்று. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் சேதமாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. உணவில் இருந்த பொருள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போயிற்று. அது வெறும் மாக்கட்டி. மாப்பொருளேயன்றி மருந்தன்று என்று முடிவு வந்தது. அந்த விடை வருமுன்னரே திகணையிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கடைகளும் பற்றியெரியத் தொடங்கின. மார்ச் 6ஆம் நாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஆய்வுசாலையின் உண்மை நடந்து வந்தது. வதந்தி கைத்தொலைபேசியில் பறந்தது!

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது? உண்மையை அறியும் கருவி நாட்டில் இல்லாமற் போகவில்லை. அது நம்மிடமிருந்து தொலைவிலே இருந்தது. அதை விரைந்து அழைப்பாரும், அதன் விடையை மக்கள் நம்பும்படி எடுத்துச் சொல்வாரும் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பத்தரமுல்லைப் பக்கத்தில் பெலவத்தையிலே இருக்கிறது. கல்முனையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. நீதிவான் கட்டளையிட்டு, பொலிஸார் பொருளைச் சேகரித்து, அது அங்கே சென்று, முறைப்படி அறிக்கை திரும்புவதற்குள் ஊரார் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இக்கரையில் வாழும் நமக்கு இது புதிதன்று. 1980களிலும் 1990களிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயுற்ற நாட்களை மறந்தோமா? வேலிக்கு இந்தப் பக்கம் எரிந்தால் அந்தப் பக்கத்தார்மேல் பழி. அந்தப் பக்கம் எரிந்தால் இந்தப் பக்கத்தார்மேல் பழி. வடக்கே, 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதற்காக எவரும் தண்டனை பெற்றதில்லை. நாம் நேசித்த தலைவர் அஷ்ரப் அவர்கள் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் உலங்கு வானூர்தி விபத்திலே மறைந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கையோ நெடுங்காலம் மக்கள் கைக்கு எட்டவில்லை. ஆராயப்படாத அழிவும், ஆராய்ந்தும் வெளிவராத முடிவும் ஒன்றே. இரண்டும் வதந்திக்கு எரு.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. காதால் கேட்டதன் பொய்மையை அம்பாறையிலே கண்டோம். தீயைப் பொறுத்தவரை கண்ணும் பொய் சொல்லும் என்பதை இனிச் சொல்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவிலே டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிக்கானா என்றோர் ஊர். 1991 டிசம்பர் 23ஆம் நாள் அங்கே ஒரு வீடு எரிந்தது. உள்ளே மூன்று பெண் குழந்தைகள் மாண்டனர். தந்தை கமரன் டொட் வில்லிங்ஹம் தப்பினார். அனுபவமுள்ள அதிகாரிகள் வந்தார்கள், தரையைப் பார்த்தார்கள். எரிநெய் ஊற்றிய தடம் இருக்கிறது என்றார்கள். சன்னற் கண்ணாடியில் சிலந்திவலைபோன்ற வெடிப்பைக் கண்டு, எரிநெய்யின் கடும் வெப்பமே அதன் காரணம் என்றார்கள். தந்தையே தீ வைத்தார் என்று தீர்ப்பாயிற்று. 2004 பெப்ரவரி 17ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்த அடையாளங்கள் எத்தகையன? மூடிய அறையொன்று எரியும்போது சூடான புகை கூரையடியிலே திரளும். அதன் வெப்பம் ஐந்நூறு, அறுநூறு பாகை செல்சியசை எட்டும்போது அறையிலுள்ள பொருள்கள் யாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதன்பின் எரிநெய்யின் துளியுமில்லாத தரையிலும் ஊற்றினாற்போன்ற தடங்கள் விழும். 1991இலே புளோரிடா மாநிலத்தில், ஒரு வழக்கிற்காக, எரிந்த வீட்டைப் போன்ற மற்றொரு வீட்டை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே எரித்துப் பார்த்தார்கள். எரிநெய் இல்லாமலே, ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுதும் பற்றிற்று. அதே தடங்கள் தோன்றின. தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். கண்ணாடி வெடிப்போ, சூடேறிய கண்ணாடிமேல் அணைப்போர் பாய்ச்சிய தண்ணீர் படுவதால் உண்டாவது என்று பரிசோதனைகள் காட்டின. வில்லிங்ஹம் வழக்கிலே காட்டப்பட்ட அடையாளங்கள் தீவைப்பை நிறுவமாட்டா என்று பின்னர் வல்லுநர்கள் எழுதினார்கள். எழுதி என்ன? போன உயிர் திரும்புமா?

இந்த அறியாமையை எதிர்த்துப் போராடியது யார்? இங்கேதான் சங்கத்தின் கதை வருகிறது. அனைத்துலகத் தீவைப்பு ஆய்வாளர் சங்கம் 1949இலே அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தீயணைப்பாளர், பொலிஸார், காப்புறுதி ஆய்வாளர், வழக்கறிஞர் ஆகியோர் ஒன்றுகூடிய சங்கம் அது. பயிற்சி அளித்தது, சான்றிதழ் வழங்கியது, இதழ் நடத்தியது. நல்ல பணிகள்தாம். ஆனால் நண்பர்களே, புகழ்ச்சிக்காக உண்மையை மறைக்க நான் வரவில்லை. 1992இலே அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், தீயின் காரணத்தை விஞ்ஞான முறைப்படியே துணிய வேண்டும் என்று 921 என்னும் எண்ணுடைய வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஆய்வாளர்களிற் பலர் அதை எதிர்த்தார்கள். "முப்பது ஆண்டு அனுபவம் எமக்கு உண்டு, ஏட்டறிவு எமக்கெதற்கு?" என்பது அவர்கள் நிலை. விஞ்ஞானிகளுக்கு விதிக்கும் அளவுகோலை எம்மீது விதிக்க வேண்டாம் என்று 1990களின் பிற்பகுதியில் அந்த ஆய்வாளர் சங்கமே மேல்நீதிமன்றத்திலே வாதிட்டது. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. காலப்போக்கிலே சங்கமும் மனம் மாறி அந்த வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது.

சங்கம் அமைப்பதாலேயே உண்மை வந்துவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தொழிலாளரின் தவறுக்குத் திரை போடும் சங்கமும் உண்டு. அந்தத் திரையைக் கிழிக்கும் சங்கமும் உண்டு. நமக்கு வேண்டுவது இரண்டாவது.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே தீயினால் தீங்கு விளைத்தல் பெருங்குற்றமாக வகுக்கப்பட்டிருக்கிறது. சட்டத்திலே குறையில்லை. தீயணைப்புப் பிரிவுகளை மாநகர சபைகளும் நகர சபைகளும் நடத்துகின்றன. அவர்கள் முதற்கடமை உயிரைக் காப்பதும் தீயை அணைப்பதும். பொலிஸின் தடயவியற் பிரிவு கொலையையும் களவையும் போலத் தீயையும் பார்க்கிறது. காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் நட்டத்தைக் கணக்கிடுகிறார். ஒவ்வொருவரும் யானையின் ஓர் உறுப்பைத் தடவுகிறார்கள். முழு யானையைக் காண்பவர் யார்? இவர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் இடம் எது?

பெரிய இடத்துப் பொருள் எரிந்தால் நிலைமை வேறு. 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், நமது சங்கமன்கண்டிக் கடலுக்கப்பால், நியூ டயமன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியதை நீங்கள் அறிவீர்கள். குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயைச் சுமந்து சென்ற கப்பல் அது. இயந்திர அறையிலே கொதிகலன் வெடித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்தார். காயமடைந்த மற்றொருவர் நமது கல்முனைக்குத்தான் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார். எண்ணெய்த் தொட்டிகள் பற்றியிருந்தால் நமது கரைவலைகளும் களப்புகளும் என்னவாகியிருக்கும்? அக்கப்பல் விபத்தை ஆராய்வதற்கு உலக விதி உண்டு. உயிரிழப்பு நேர்ந்த கப்பல் விபத்தை, எந்நாட்டுக் கொடியைக் கப்பல் தாங்கியதோ அந்நாடு ஆராய்ந்தே தீர வேண்டும் என்பது 2010 முதல் நடைமுறையிலுள்ள சட்டம். கப்பலுக்கு அந்த உரிமை உண்டு. மருதமுனைக் கைத்தறிக் கொட்டிலுக்கு உண்டா? சம்மாந்துறை அரிசி ஆலைக்கு உண்டா? சாய்ந்தமருது மீனவனின் வலைவாடிக்கு உண்டா? இவை எரிந்தால் மறுநாட் பத்திரிகையிலே ஒரே வரி: "மின்னொழுக்கே காரணம் என நம்பப்படுகிறது." நம்புகிறவர் யார்? எதைக்கொண்டு நம்புகிறார்? அதைக் கேட்பாரில்லை.

மின்னொழுக்கு என்று சொல்வது எளிது, துணிவது அரிது. எரிந்த வீட்டிலே செப்புக் கம்பியின் நுனி மணிபோல உருண்டிருக்கக் காணலாம். செம்பு உருகுவதற்கு 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த மணி நமக்குச் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: தீ அவ்விடத்தை அடைந்தபோது கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி தீயை உண்டாக்கியதா, தீ கம்பியின் உறையை எரித்து அந்த மணியை உண்டாக்கியதா என்பதை, தீ தொடங்கிய இடம் எது என்று வேறு சான்றுகளால் நிறுவிய பின்னரே கூறலாம். ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் விடயமன்று இது.

ஆதலால் இந்தக் கரையோரத்திலே ஒரு சங்கம் வேண்டும் என்கிறேன். அதற்குரிய ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கல்முனையிலே மேல் நீதிமன்றமும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். தீயணைப்பு வீரர், மின்பொறியியலாளர், வைத்தியர், காப்புறுதி மதிப்பீட்டாளர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒன்றுகூடாததே குறை.

அச்சங்கத்திலே முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும் உறுப்பினராதல் வேண்டும். ஓரினத்தாரின் சங்கம் சொல்லும் உண்மையை மற்ற இனத்தார் நம்பார். ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் சோதித்த பின்னரே அது வெளிவருதல் வேண்டும். முடிவு தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே வெளியாதல் வேண்டும். எந்த முடிவு வந்தால் இவ்வளவு பணம் என்று பேசிக் கூலி பெறுவோருக்கு அங்கே இடமிருத்தல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "காரணம் துணியப்படவில்லை" என்று எழுதும் துணிவு வேண்டும். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை, ஆகவே எவனோ வைத்தான் என்று முடிப்பது ஆய்வன்று. என் வாப்பாவின் ஊர் அப்படித்தான் முடித்தது.

"இது அரசாங்கத்தின் வேலையன்றோ?" என்று சிலர் கேட்பர். ஆம், அரசாங்கத்தின் வேலைதான். கிழக்கு மாகாணத்துக்கு முழு வசதியுள்ள ஆய்வுசாலை வேண்டும் என்று நாம் உரத்துக் கேட்கவே வேண்டும். கேட்பவன் தானும் ஆயத்தமாய் இருந்தாலன்றோ கேள்விக்கு வலு உண்டு? நீதிவானின் விசாரணைக்குப் போட்டியாக நாம் நிற்கப் போவதில்லை. அந்த விசாரணைக்குப் பழுதுபடாத சான்றைக் கொடுக்கப் போகிறோம்.

உழவர் பெருமக்களே! உங்களுக்கும் இதிலே பங்குண்டு. தீ அணைந்ததும் நாம் முதலிற் செய்வது என்ன? விளக்குமாற்றை எடுத்துப் பெருக்குகிறோம்; தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். சாட்சியை நாமே குப்பையில் எறிந்துவிடுகிறோம். இனி அவ்வாறு செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்தில்லையென்று கண்டபின், இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். கையிலுள்ள தொலைபேசியால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். முதலில் கண்டவர் யார், எந்தப் பக்கத்தில் கண்டார், காற்று எங்கிருந்து வீசிற்று, புகை என்ன நிறம் என்பவற்றை அன்றே எழுதி வையுங்கள். மண்ணெண்ணெய் மணம் வீசினால் அந்தச் சாம்பலை நீங்களாக அள்ளாமல் அதிகாரிகள் வரும்வரை காவுங்கள். அவர்கள் அதைச் சாதாரணப் பொலித்தீன் பையில் போடுவதாயின் தடுத்துச் சொல்லுங்கள். எண்ணெயின் ஆவி அந்தப் பையை ஊடுருவிப் போய்விடும். இறுக மூடக்கூடிய புதிய தகர டப்பாவோ கண்ணாடிப் போத்தலோ வேண்டும். எரியாத இடத்து மண்ணிலும் சிறிது தனியே எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி வேற்றுமை தெரியாது. வைக்கோலை ஈரத்தோடு அடுக்காதீர்கள். அடுக்கிய போரிலிருந்து ஆவி எழுந்தாலோ இனிப்பும் கருகலும் கலந்த மணம் வீசினாலோ அயலவனைத் தேடாதீர்கள். போரின் உள்ளே உள்ள வெப்பத்தைத் தேடுங்கள். அதைப் பிரிக்கும்போதும் தண்ணீரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டதும் உள்ளிருந்த கனல் சுவாலையாய் எழக்கூடும்.

சகோதரர்களே! தீ வைத்தவன் தப்பக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பள்ளிவாசலையும் கோயிலையும் விகாரையையும் நூலகத்தையும் கொளுத்தியவன் நீதிமன்றத்திலே நிற்க வேண்டும். அவனை அங்கே நிறுத்துவதற்கும் சான்று வேண்டும். நிரபராதியை அங்கிருந்து மீட்பதற்கும் சான்று வேண்டும். இரண்டுக்கும் சாம்பலே சாட்சி. அது இனம் பாராது, மதம் பாராது, போடியார் என்றும் முல்லைக்காரர் என்றும் பாராது. கேட்கத் தெரிந்தவனுக்கு அது பேசும். கேட்கத் தெரிந்த பத்துப் பேரையாவது இந்தக் கூட்டத்திலிருந்து உருவாக்குவோம்.

ஊரைவிட்டுப் போன அந்த மனிதரின் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. அவர் மக்கள் எங்கேனும் இதைப் படித்தால், தம் தந்தைக்கு ஓர் ஊர் பட்ட கடனை ஒப்புக்கொள்ள ஒருவன் இருக்கிறான் என்று அறிவார்களாக. அந்தக் கடன் இனி எவருக்கும் ஏற்படாதிருக்க உங்கள் கைகளைத் தாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.